உரக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்: அந்தக் கறுப்புப் பாக்கெட் உயிரோடு இருக்கிறதா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் உரம், விதை, பூச்சிமருந்துக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

இதை வேளாண்மைத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. சம்பாவில் இலை பழுத்தாலும் தூரில் ஒரு திட்டு கருகினாலும், பயிரைப் பிடுங்கிக்கொண்டு நாங்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் கடையில்தான். "அண்ணே, இதுக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்போம். நீங்கள் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைப்பீர்கள். எங்கள் வயலில் என்ன விழப்போகிறது என்பது அந்த இடத்தில் முடிவாகிவிடுகிறது. உதவி வேளாண் அலுவலர் ஒருவர் பல ஊர்களைப் பார்த்தாக வேண்டும். நீங்கள் காலையிலேயே கடையைத் திறந்துவிடுகிறீர்கள். அறுப்பு வரைக்கும் கடனும் தருகிறீர்கள். ஆகவே டெல்டாவில் மண்ணுக்கு யார் டாக்டர் என்றால், நல்லதோ கெட்டதோ, நீங்கள்தான்.

நான் பேச வந்தது உங்கள் கடையில் ரொம்பக் கவனிப்பு இல்லாமல் கிடக்கும் சரக்கைப் பற்றி. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, ரைசோபியம் என்று 200 கிராம் பாக்கெட்டில் வரும் கறுப்புப் பொடி, அதாவது உயிர் உரம். அப்புறம், நோய்த் தடுப்புக்கு வெள்ளையாக டால்க் மாவில் வரும் சூடோமோனாஸ். யூரியா அடுக்கு எங்கே, டி.ஏ.பி. அடுக்கு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். இந்தப் பாக்கெட்டுகள் எங்கே என்று கேட்டால் கடைப்பையன் தேடத்தான் வேண்டியிருக்கிறது. சில கடைகளில் அவை பின்பக்கத் தகரக் கொட்டகையில், உர மூட்டைகளுக்கு மேலே கிடக்கின்றன. சில கடைகளில் வாசலில், மேற்கு வெயில் நேராக விழும் கண்ணாடிக்குப் பின்னால் விளம்பரம் போல நிற்கின்றன.

உள்ளே இருப்பது பாக்டீரியா. உயிர். யூரியா மூட்டை கோடையில் கிடந்தால் கட்டி பிடிக்கும், அவ்வளவுதான். உடைத்துப் போட்டால் வேலை செய்யும். இது அப்படி இல்லை. சிமெண்ட் மூட்டையை அடுக்குகிற இடத்தில் கோழிக்குஞ்சுப் பெட்டியை யாராவது அடுக்குவார்களா?

உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-இல் வந்தது. உயிர் உரங்களை அதற்குள் கொண்டுவந்தது 2006-இல். இப்போதுள்ள அளவுப்படி பொடியாக வரும் அசோஸ்பைரில்லமோ ரைசோபியமோ ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா வைத்திருக்க வேண்டும். திரவமாக வந்தால் மில்லிக்கு 10 கோடி. 200 கிராம் பாக்கெட் ஒன்றில் ஆயிரம் கோடி என்று கணக்கு. நீங்கள் விற்பது அந்த எண்ணிக்கையைத்தான். கறுப்புப் பொடி வெறும் பழுப்பு நிலக்கரித் தூளோ மக்கிய கரிமண்ணோதான். பாக்டீரியா ஏறிவரும் வண்டி அது. சித்திரை, வைகாசி முழுக்கத் தகரத்துக்குக் கீழே கிடந்த பாக்கெட்டில் காலாவதித் தேதி இன்னும் பாக்கி இருக்கலாம், எண்ணிக்கை பாக்கி இருக்காது. பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. எங்கள் கையில் ஆய்வுக்கூடம் இல்லை. "போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் தெரியல" என்று ஒருவர் டீக்கடையில் சொன்னால் போதும், அந்த ஊரில் பத்துப் பேர் அடுத்த வருஷம் வாங்க மாட்டார்கள்.

எல்லாப் பாக்டீரியாவும் ஒரே மாதிரி சாவதில்லை. கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தால் ரொம்பப் பிரயோஜனம். பேசில்லஸ் வகைகள், அதாவது பாஸ்போபாக்டீரியாவில் அதிகம் வரும் பேசில்லஸ் மெகாடீரியமும், நோய்க்குக் கொடுக்கும் பேசில்லஸ் சப்டிலிஸும், நிலைமை கெட்டுப்போனால் கெட்டியான ஓட்டுக்குள் வித்தாகச் சுருண்டுகொள்ளும். சூட்டையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். ஈரம் கண்டால் மறுபடி முளைக்கும். அசோஸ்பைரில்லத்துக்கும் ரைசோபியத்துக்கும் சூடோமோனாஸுக்கும் அந்த வித்து கிடையாது. வெயில் பட்டால், காய்ந்தால், சீக்கிரம் போய்விடும். உங்கள் கடையில் குளிர்ச்சியான இடமே இல்லை, எல்லாமே தகரம்தான் என்றால், சூடோமோனாஸைக் கோடையில் வாங்கி அடுக்காதீர்கள். பேசில்லஸ் வைத்திருங்கள். சூடோமோனாஸ் கேட்டு வருபவருக்கு ஒரு வாரம் தவணை சொல்லி வரவழைத்துக் கொடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே செத்த சரக்கு விற்பது பாதி குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

சரி, உயிரோடு போனால் அது என்னதான் செய்கிறது? "யூரியாவே வேண்டாம், இது காற்றில் இருந்து தழைச்சத்தை இழுத்துக் கொடுக்கும்" என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. நெல்லைப் பொறுத்தவரை அது கூடுதல் பேச்சு. அசோஸ்பைரில்லம் காற்றில் உள்ள நைட்ரஜனைக் கொஞ்சம் நிலைநிறுத்துகிறது, உண்மைதான். ஆனால் அதைவிட, வேர் ஓரத்தில் குடியிருந்து வேரை வளர்க்கும் ஊக்கிப் பொருளைச் சுரக்கிறது. பக்க வேரும் வேர்த் தூவியும் அதிகமாகும். போட்ட உரத்தைப் பயிர் கூடுதலாக எடுக்கும். அதனால்தான் தழைச்சத்தில் கால் பங்கைக் குறைத்துப் பார்க்கலாம் என்பது போன்ற அளவான பேச்சாகவே பரிந்துரைகள் இருக்கின்றன. நீங்களும் அந்த அளவிலேயே சொல்லுங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது, பெரிய வாக்குறுதி கொடுத்து விற்ற பாக்கெட் ஒரே போகத்தில் பெயர் கெட்டுப்போகும்.

பயறு வகையில் கதையே வேறு. அங்கே ரைசோபியம் நிஜமாகவே உரத் தொழிற்சாலைதான். தை மாதம், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கும் தாளடி நெல்லுக்குள் ஈரத்தோடு உளுந்தை விசிறுகிறோம். உழவு இல்லை, பெரும்பாலும் அடியுரம் இல்லை. அந்தப் பயிருக்கு இதைவிடத் தோதான சரக்கு உங்கள் கடையிலேயே இல்லை. பூ எடுக்கும் சமயம் ஒரு செடியை இழுக்காமல், மண்வெட்டியால் மண்கட்டியோடு பெயர்த்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் மிளகளவு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஒரு நிறப்பொருள்தான் அது. முடிச்சுக்குள் ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பலன் இல்லை. மண்ணிலேயே ஏதோ ஒரு ரைசோபியம் இருக்கத்தான் செய்யும், ஆனால் சம்பா முழுக்கத் தண்ணீர் நின்ற மண்ணில் அது எவ்வளவு பிழைத்திருக்கும் என்று நம்பி விட்டுவிட முடியாது.

இங்கேதான் கடைகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பக்கத்து டவுன் கடை ஒன்றில் உளுந்துக்கு ரைசோபியம் கேட்டால், "அது இல்லை, அசோஸ்பைரில்லம் இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்தார்கள். ஒன்று இல்லை. அசோஸ்பைரில்லம் உளுந்து வேரில் முடிச்சு போடாது. ரைசோபியத்திலும் பயிருக்குப் பயிர் இனம் உண்டு. பாக்கெட்டில் எந்தப் பயிர் என்று அச்சிட்டிருப்பது அதற்காகத்தான். தயவுசெய்து அதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள்; நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இனி சூடோமோனாஸ். நம் ஊர்ச் சரக்கு என்று இதைப் பெருமையாகவே சொல்லலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி. வித்யாசேகரனும் எம். முத்தமிழனும் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸை டால்க் மாவில் ஏற்றிப் பாக்கெட்டாக்கும் முறையைப் பற்றி 1995-இல் எழுதினார்கள். கொண்டைக்கடலை வாடல் நோய்க்கான வேலை அது. பிறகு நெல்லின் குலைநோய், இலையுறை கருகல் என்று விரிந்தது. இன்று விதைநேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம், வயலுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ தொழுவுரத்தில் கலந்து போடுவது என்று நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

அது நோயைத் தடுப்பது ஒரே வழியில் அல்ல. வேரைச் சுற்றி முதலில் போய் இடம் பிடித்துக்கொள்கிறது. மண்ணில் உள்ள இரும்பைக் கவ்விக்கொள்ளும் ஒரு பொருளைச் சுரந்து, நோய்ப் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. (புற ஊதா விளக்கில் அது மஞ்சள் பச்சையாக ஒளிர்வதும் அந்தப் பொருளால்தான்.) சில இனங்கள் பூஞ்சைக்கு நேரடி விஷத்தையும் சுரக்கும். எல்லாவற்றையும் விட வியப்பானது, வேரில் இது குடியேறினால் இலை வரைக்கும் பயிரின் சொந்த எதிர்ப்பு விழித்துக்கொள்கிறது. பின்னால் குலைநோய்ப் பூஞ்சை வந்து இலையில் உட்காரும்போது பயிர் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே நிலத்தில் வருஷா வருஷம் கோதுமை போட்டார்கள். சில வருஷம் வேரழிக்கும் நோய் ஏறிக்கொண்டே போய், அப்புறம் மருந்தே இல்லாமல் தானாக இறங்கிவிட்டது. ஜேம்ஸ் குக், டேவிட் வெல்லர் போன்றவர்கள் தோண்டிப் பார்த்ததில், அந்த மண்ணில் பூஞ்சைக்கு விஷம் சுரக்கும் சூடோமோனாஸ் இனங்கள் பெருகியிருந்தன. மண்ணே மருந்துக்கடை வைத்துக்கொண்டது என்று வையுங்கள்; உங்களுக்குப் போட்டி.

வேலை செய்யும் விதம் இப்படி இருப்பதால், நோய் வந்த பிறகு இதைக் கொடுத்தால் பலன் சொற்பம். இலையில் கண் கண்ணாகப் புள்ளி விழுந்து, கழுத்துக் குலை வரும் கட்டத்தில் ஒருவர் பி.பி.டி. ரக நெற்பயிரைக் கொண்டுவந்து காட்டும்போது, "இயற்கையா இதை அடிங்க" என்று சூடோமோனாஸைக் கொடுத்து அனுப்புவது அவருக்குச் செய்யும் உதவி இல்லை. அந்த நேரத்தில் குலைநோய்க்கான மருந்துதான் வேண்டும். சூடோமோனாஸை விற்க வேண்டிய நாள், அவர் விதைநெல் வாங்க வந்த நாள். விதை மூட்டையோடு அதைச் சேர்த்து வைத்து, "ஊறப்போடும்போது இதைப் போட்டுடுங்க" என்று சொல்லும் கடைக்காரர் எத்தனை பேர்?

இதைவிட மோசமாக இன்னொன்று நடக்கிறது. ஒரே பில்லில் சூடோமோனாஸும் காப்பர் ஆக்ஸிகுளோரைடும் ஸ்ட்ரெப்டோசைக்ளினும். பாக்டீரியா இலைக்கருகலுக்குத்தான் பின்னது இரண்டும். அவை பாக்டீரியாவைக் கொல்பவை. நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பார்க்காது. வாங்கிய விவசாயி வீட்டுக்குப் போய் மூன்றையும் ஒரே டேங்கில் கலக்குவார், ஏனென்றால் ஒரே ஆள் கூலியில் வேலை முடியும். பில் போடும்போது ஒரு வாய் சொல்லிவிடுங்கள்: இதையும் அதையும் சேர்க்கக் கூடாது, இடைவெளி விடணும் என்று. அதே போல உயிர் உரத்தை யூரியாவோடு பிசைந்து விசிறுவதும் உண்டு. அதற்குத் தொழுவுரமும் மண்ணும்தான் துணை. அசோஸ்பைரில்லம் என்றால் ஏக்கருக்கு நாலு பாக்கெட், 10 கிலோ எரு, 10 கிலோ மண். சாயந்திரம், ஈரம் இருக்கும்போது.

பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் "நாற்றின் வேரை நனைக்கவும்" என்பது இப்போது பாதிப் பேருக்குப் பொருந்தாது. நேரடி விதைப்பு வந்துவிட்டது. நடவு மிஷினுக்குப் பாய் நாற்றங்கால் வந்துவிட்டது. பாயைச் சுருட்டித் தூக்கும்போது எந்த வேரை நனைப்பது? அவர்களுக்கு விதைநேர்த்தியும் வயலில் தூவுவதும்தான் வழி. கம்பெனிக்காரர்கள் பழைய வாசகத்தையே அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வாயால் திருத்திச் சொல்லலாம்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். தட்டுப்பாடு காலத்தில் யூரியா கேட்டு வரிசையில் நின்றால், கூடவே ஏதாவது ஒன்றை வாங்கினால்தான் மூட்டை என்கிறார்கள். அந்த 'ஏதாவது ஒன்று' பெரும்பாலும் ஒரு குருணை வாளி, அல்லது 'பயோ' என்று பெயர் போட்ட பாட்டில். உங்கள் மேல் மட்டும் பழி போடவில்லை. மேலே இருந்து உங்கள் தலையில் கட்டுகிறார்கள், நீங்கள் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள். இணைப்பொருள் வாங்கக் கட்டாயப்படுத்தினால் உரிமம் ரத்து என்று மாவட்ட நிர்வாகம் வருஷா வருஷம் அறிக்கை விடுவதும் நமக்குத் தெரியும். ஆனால் இதில் அடிபடுவது யார் என்று பாருங்கள். வேண்டாவெறுப்பாக வாங்கிய பயோ பாட்டில் வீட்டுப் பரணுக்குப் போகிறது. 'உயிர் உரம்' என்றாலே தலையில் கட்டும் சரக்கு என்ற எண்ணம் ஊருக்குள் ஊறிவிட்டது. நன்றாக வேலை செய்யும் 200 கிராம் ரைசோபியமும் அந்தக் கெட்ட பெயரில் சேர்ந்து மூழ்குகிறது.

பயோ என்ற சொல்லுக்குள் என்னென்னவோ புகுந்துவிட்டது. உயிர் உரம் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குக் கீழே வரும். சூடோமோனாஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் போல நோய்க்குக் கொடுப்பவை 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி பதிவு எண்ணோடு வர வேண்டும். ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் இரண்டுக்கும் சட்டம் வேறு. கடல்பாசிச் சாறு, அமினோ அமிலம் மாதிரியான ஊக்கிகளுக்கு 2021 வரை சட்டமே இல்லை. அந்த வருஷம்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. இந்த மூன்றில் எதிலும் சேராத, பதிவு எண்ணே இல்லாத பாட்டில் உங்கள் தட்டில் இருந்தால் கீழே இறக்கிவிடுங்கள். ரசாயனப் பூச்சிமருந்தைக் கலந்துவிட்டு இயற்கை மருந்து என்று விற்ற கதையெல்லாம் நாட்டில் நடந்திருக்கிறது. லாபம் அதில்தான் அதிகம் என்பது எனக்கும் தெரியும்.

நான் யூரியாவை ஒழிக்கச் சொல்லவில்லை. இலங்கையில் 2021-இல் ஒரே உத்தரவில் ரசாயன உரத்தை நிறுத்தினார்கள். நெல்லும் தேயிலையும் அடிவாங்கியதில், வருஷம் முடிவதற்குள் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அவசரத்தில் சீனாவில் இருந்து வரவழைத்த கரிம உரத்தின் மாதிரியில் பயிருக்கு ஆகாத பாக்டீரியா இருப்பதாக இலங்கை ஆய்வாளர்கள் சொல்ல, கப்பலைத் திருப்பியனுப்பி, பணத் தகராறு வரைக்கும் போனது. உயிர் உரப் பாக்டீரியாவை நம்பி நிதானமாகப் போன நாடும் இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறிய ஜொஹானா டோபரெய்னர் என்ற பெண் விஞ்ஞானி, சோயா மொச்சைக்குத் தழைச்சத்து உரமே வேண்டாம், பாக்டீரியாவை விதையில் ஏற்றினால் போதும் என்று வாதாடி ஜெயித்தார். 1970-களில் அசோஸ்பைரில்லத்தை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இன்றைக்கும் பிரேசிலின் சோயா பெரும்பாலும் யூரியா இல்லாமல் விளைகிறது. அங்கே அது நடந்ததற்கு நல்ல இனத்தைத் தேர்ந்தெடுத்தது ஒரு பாதி. விவசாயி கையில் சேரும் வரைக்கும் சரக்கைச் சாகவிடாமல் வைத்திருந்தது இன்னொரு பாதி என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது, மறைப்பதற்கில்லை. "பவரா ஏதாவது குடுங்கண்ணே, மூணு நாள்ல தெரியணும்" என்று கேட்பது நாங்கள்தான். மூன்று நாளில் தெரிவது எதுவும் இந்தப் பாக்கெட்டில் இல்லை. வாங்கிய பாக்கெட்டை டிராக்டர் சீட்டுக்குக் கீழே போட்டு, மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தி வைக்கிறவர்களும் நாங்கள்தான். அதை ஊர்க் கூட்டத்தில் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். கடைக்குள் வெயில் படாத, ஓடு போட்ட அல்லது கான்கிரீட் கூரைக்குக் கீழே உள்ள ஒரு அலமாரியை இதற்கென்று ஒதுக்குங்கள். களைக்கொல்லிக்கும் காப்பருக்கும் பக்கத்தில் வேண்டாம். உற்பத்தித் தேதியையும் தொகுதி எண்ணையும் பில்லில் எழுதுங்கள். பூச்சிமருந்துக்கு எழுதுகிறீர்களே, அதே மாதிரி. தேதி தாண்டியதைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் சங்கத்தில் பேசி ஒரு முடிவெடுங்கள். எடுக்காத கம்பெனி சரக்கை ஒரு போகம் நிறுத்திப் பாருங்கள், வழிக்கு வருவார்கள். உங்களில் இடுபொருள் விற்பனையாளர்களுக்கான பட்டயப் படிப்பை முடித்தவர்கள் நிறையப் பேர். வார விடுமுறையில் படித்ததில் இந்தப் பாடமும் இருந்திருக்கும். சான்றிதழைச் சுவரில் மாட்டிய கையோடு ஒரு தெர்மாமீட்டரையும் மாட்டினால் அலமாரி எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும்.

போட்ட பணம் முடங்கும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். வாங்கி வைத்து விற்காமல் போனால் வரும் நஷ்டத்தைத் தள்ளுபடியில் ஈடுகட்டலாம் என்றுதான் ஆறு மாதச் சரக்கை மொத்தமாக எடுத்துக் குவிக்கிறீர்கள். அதற்கு எங்கள் ஊரில் ஒரு ஏற்பாடு பேசியிருக்கிறோம். வரும் தை உளுந்துக்கு யாருக்கு எத்தனை பாக்கெட் ரைசோபியம், குறுவைக்கு யாருக்கு எத்தனை கிலோ சூடோமோனாஸ் என்று பெயர் எழுதிப் பணமும் சேர்த்து முன்கூட்டியே கடையில் கொடுத்துவிடுவது. கடன் இல்லை, ரொக்கம். ரைசோபியத்தை மார்கழி இருபதுக்கு மேலும், சூடோமோனாஸைக் குறுவை விதைப்புக்குச் சற்று முன்பும் புதுத் தொகுதியாக வரவழைத்தால் போதும். வந்த அன்றே நாங்கள் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறோம். உங்கள் அலமாரியில் ஒரு ராத்திரிகூட அது தங்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து விவசாயி ஒருவர்